ஒவ்வொருவராகக் கடக்க வேண்டிய சரிவு

என் தம்பி பனிமலையில் வேலை பார்த்தான் என்று சொன்னால் "பட்டாளமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் மலையடிவாரத்து ஊர்களில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பதால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். இல்லை என்று சொல்லி விளக்க ஆரம்பிப்பேன். பாதியில் அவர்களுக்கு ஆர்வம் போய்விடும், எனக்கும் குரல் இறங்கிவிடும். இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

இமாசலத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் அவன் வழிகாட்டியாக இருந்தான். ரோப் காரோ பாதையோ இல்லாத பனிமலைகளுக்கு விருந்தினர்களை ஸ்கீ பலகைகளில் நடத்திக் கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு ஏறுவார்கள். அந்தப் பட்டை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து முதுகுப்பையில் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்குவார்கள். காலையெல்லாம் ஏறினால் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும்.

"அதுக்கா அவ்ளோ தூரத்துல இருந்து காசு போட்டு வர்றாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நீ ஒரு தபா எறங்கிப் பாரும்மா. அப்புறம் கேளு" என்றான்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஒடுகத்தூரிலிருந்து ஜீப் ஏறும் வழியில் இருக்கிறது. அப்பா நாங்கள் சிறியவர்களாக இருந்தபோதே இறந்துவிட்டார். சாமையும் புளியும் வைத்து அம்மா எங்கள் இருவரையும் படிக்கவைத்தாள். நான் மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை ஆனேன். என் கணவருக்கு வேலூரில் வேலை, வாரக்கடைசியில் வருவார். தம்பி கல்லூரியில் என்.சி.சி. மாணவர் படையில் இருந்தான். அங்கிருந்து மலையேற்றப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். போனவன் பனியைப் பார்த்துவிட்டு வந்தான். அதன்பிறகு இங்கே எந்த வேலையிலும் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. மறு வருடம் ஸ்கீ கற்றுக்கொள்ளப் போனான், அப்படியே அங்கே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். மார்கழியில் போனால் சித்திரை கடைசியில் திரும்புவான். பலா பழுக்கும்போது வீட்டில் இருப்பான். சாமை விதைப்பான், அறுப்பான், மறுபடி புறப்படுவான்.

புதூர்நாட்டிலிருந்த மாமன் மகளை அவனுக்குப் பேசி வைத்திருந்தோம். இருவருக்கும் பிடித்திருந்தது. இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் போய்விட்டு வந்து கல்யாணம் என்று சொல்லியிருந்தான்.

அந்த வருட அறுப்பின்போது அவளும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். களத்தில் வேலை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "பனி எப்டி சரியும்? மழை மாதிரி கொட்டுமா?" என்று அவள் கேட்டாள். தம்பி எழுந்துபோய் ஒரு முறத்தை எடுத்துவந்து அதில் சாமையைப் பரப்பினான். அடுப்படியிலிருந்து அம்மா சுட்டு வைத்திருந்த கேழ்வரகு அடை ஒன்றைக் கொண்டுவந்து சாமையின்மேல் வைத்தான்.

"கீழ கீற சாமைதான் பழைய பனி. குளிர்ல காய்ஞ்சு சக்கரை மாதிரி ஆயிடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. மேல கீற அடை, காத்து அடிச்சுக் கொண்டாந்து சேத்த புதுப் பனி. கெட்டியா கீதேன்னு நம்பி நாம மேல ஏறிடுவோம்."

முறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தான். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் சாய்த்தான். அடை அப்படியே இருந்தது. விரலால் அதன் ஓரத்தை லேசாகத் தட்டினான். அவ்வளவுதான், அடை முழுசாக வழுக்கிப்போய் அவள் காலடியில் விழுந்தது. நாய் கவ்விக்கொண்டு ஓடியது. சோற்றுப் பொருளை வைத்து விளையாடுகிறான் என்று அம்மா கத்தினாள்.

சரிவின் சாய்மானத்தைக் கைப்பேசியிலேயே அளப்பான். சாமை விதைக்கும் எங்கள் கொல்லைக்கு மேலே இருக்கும் மேட்டையும் விட்டுவைக்கவில்லை. அளந்துவிட்டு வந்து, "அக்கா, இது முப்பத்தஞ்சு டிகிரி. இங்க பனி பெஞ்சா உன்ன இந்தப் பக்கம் ஆடு ஓட்ட வுடவே மாட்டேன்" என்றான். ரொம்பச் சாய்வாக இருந்தால் பனி தங்காது, ரொம்பத் தட்டையாக இருந்தால் சரியாது, நடுவில் இருப்பதுதான் ஆளைக் கொல்லும் என்று சொன்னான்.

பீக்கன் என்ற கருவிகளில் இரண்டை அந்த முறை கொண்டுவந்திருந்தான். உள்ளங்கையில் அடங்கும். போகிறவர்கள் எல்லோரும் மார்பில் கட்டிக்கொள்வார்கள். அது ஓயாமல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் பனியில் புதைந்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். திரையில் எண் குறையக் குறைய, அதன் சத்தம் கூடக் கூட, ஆளை நெருங்குகிறோம் என்று அர்த்தம். பிறகு நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்டி எடுக்க வேண்டும். ஒன்றை வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்துவிட்டு இன்னொன்றை எங்களிடம் கொடுத்தான். நானும் மாமன் மகளும் தேடித்தேடி வைக்கோலைக் கலைத்ததுதான் மிச்சம். அம்மா வாங்கிக்கொண்டு போனாள். எண்ணைப் படிக்கத் தெரியாது. சத்தத்தை வைத்தே நேராகப் போய்க் கையை விட்டு எடுத்துவிட்டாள்.

"காட்ல மேயுற மாட்டுக்கு மணி கட்டி வுடுறோமே, அது மாதிரிதானே?" என்றாள்.

"அதே தாம்மா" என்று அவன் சிரித்தான்.

அன்று சாயங்காலம் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னான். "கால் மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டா பெரும்பாலும் பொழைச்சுக்குவாங்க அக்கா. அதுக்கு மேல போச்சுன்னா ரொம்பக் கஷ்டம். அம்மாகிட்ட சொல்லாத."

மாசி மாதம் புளி உலுக்கும் சமயத்தில் அந்தச் செய்தி வந்தது. எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அங்கே போனேன். தம்பியின் கூட்டாளி பல தடவை அழைத்திருந்தது திரையில் வந்தது. அவன் இமாசலத்துக்காரன், தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன். வீடியோவில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன். திரும்ப அழைத்தேன். ஆங்கிலத்தில் பேசினான். முந்தின நாள் பகலில் சரிவு ஒன்றைக் கடக்கும்போது பனி உடைந்து தம்பியை இழுத்துப்போய்விட்டது, இன்னும் எடுக்க முடியவில்லை என்றான்.

முந்தின நாள் பகல் என்று சொன்னானே, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அவன் என்ன சொன்னான் என்பது சரியாக மனதில் ஏறவில்லை. தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வாசலில் உட்கார்ந்து புளியை உடைத்து ஓடு நீக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூட இருந்தார்கள். பள்ளி நேரத்தில் நான் வருவதைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"தம்பிய பனி மூடிட்ச்சாம்மா. இன்னும் எடுக்கலையாம்."

அம்மா என்னையே பார்த்தாள். "மணி கட்டிக்கினுதானே போனான்?"

"கட்டிக்கினுதாம்மா."

"அப்போ எடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி புளியை உடைக்க ஆரம்பித்தாள். பக்கத்துப் பெண்கள் அழுதார்கள். அவள் அவர்களை அதட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை வரிசையாக என்னால் சொல்ல முடியவில்லை. காலையும் மாலையும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கூட்டாளியோடு பேசுவேன். அவன் எதையும் மறைக்கவில்லை. சரிந்த பனி முழுவதும் கீழே ஒரு ஆழமான ஓடைப் பள்ளத்துக்குள் போய் நிரம்பிவிட்டது. தம்பியின் கருவி அனுப்பும் சமிக்ஞை பள்ளத்தின் அடியிலிருந்து கேட்கிறது, ஆனால் அவ்வளவு ஆழத்துக்குக் கம்பி எட்டவில்லை. தோண்டத் தோண்டப் பக்கச்சுவர் இடிகிறது. மேலே சரிவின் மீதிப் பாதி உடையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, மறுபடி பனி பெய்யத் தொடங்கிவிட்டது. மீட்புப் படையின் தலைவர் எல்லோரையும் மேலே வரச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது சரி. அந்தக் குழியில் இன்னும் நாலு பேரைப் புதைக்கக்கூடாது. சரி என்று தெரிந்தும் அந்த மனிதரை மனதுக்குள் திட்டினேன்.

கூட்டாளி மட்டும் தினமும் பள்ளத்தின் விளிம்பு வரை போய்ச் சமிக்ஞையைக் கேட்டுவிட்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "மணி அடிக்குதாமா?"

"அடிக்குதாம்மா."

கருவி உயிரோடு இருப்பதை அவள் மகன் உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்கிறாளோ என்று பயந்து, ஒருநாள் மெல்ல ஆரம்பித்தேன். "அம்மா, அது பேட்டரியில ஓடுறது. அவன் எப்டி கீறான்னு அதுக்குத் தெரியாது..."

"எனக்குத் தெரியும். நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள்.

ஒருநாள் சமிக்ஞை நின்றுவிட்டது. கூட்டாளி அழைத்துச் சொன்னான். சொல்லிவிட்டு, "தீதி, நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்" என்றான். அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் வீட்டுக்குப் போய், அம்மா கேட்பதற்கு முன்பே "நின்னுட்ச்சாம்மா" என்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அவள் படுத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வைகாசியில் கூட்டாளி எங்கள் ஊருக்கு வந்தான். தம்பியின் துணிமணிகள், மற்ற சாமான்கள் எல்லாவற்றையும் பெரிய பையில் எடுத்துக்கொண்டு ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்து, ஒடுகத்தூரில் நான் காத்திருந்த இடத்தில் வந்து இறங்கினான். வெயிலில் முகமெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஜீப்பில் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் மேலே பார்த்துக்கொண்டே வந்தான். தம்பியும் அப்படித்தான். ஏதாவது சரிந்து வருமா என்று பார்க்கிற பார்வை.

அம்மா அவனுக்குச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டாள். அவன் கையால் பிசைந்து சாப்பிட்டான். தம்பி சமைத்துக் கொடுத்திருக்கிறானாம். சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "இவன் எனக்கு எல்லாத்தையும் சொல்லட்டும். நீ அப்டியே சொல்லு" என்று என்னிடம் சொன்னாள். அவன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

அம்மா முதலில் கேட்டது, தம்பி அன்று காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனானா என்று.

சாப்பிட்டான் என்றான். கஞ்சியும் டீயும். கஞ்சி காய்ச்சியது தான்தான், அடிப்பிடித்துவிட்டது என்று தம்பி தன்னைத் திட்டினான் என்றும் சொன்னான்.

பிறகு அந்த நாளைச் சொன்னான். நாலு விருந்தினர்கள், தம்பி, இவன். வானம் தெளிவாக இருந்தது. முந்தின இரவு காற்று அடித்திருந்தது இருவருக்கும் தெரியும். அதனால் சரிவுக்கு முன்னால் நின்று, பனியில் குழி வெட்டி அடுக்குகளைப் பார்த்தார்கள். ஒரு பாளத்தை அறுத்து மண்வாரியை மேலே வைத்துத் தட்டிப் பார்த்தார்கள். பாளம் உடையவில்லை. சாய்மானம் அளந்தார்கள். சுற்றிப்போகும் வழியையும் யோசித்தார்கள், அந்தப் பக்கம் வெயில் ஏறி இன்னும் மோசமாக இருந்தது. கடந்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். தம்பி முதலில் போனான்.

"பாதிக்கு மேல் போய்விட்டான். வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவனுக்கு மேலே ஒரு கோடு ஓடியது" என்று சொல்லி நிறுத்தினான். கையால் காற்றில் அந்தக் கோட்டைப் போட்டான். "நாங்கள் குழி வெட்டிய இடத்தில் மேல் அடுக்கு தடிமனாக இருந்தது. அவன் இருந்த இடத்தில், ஒரு பாறைக்குப் பக்கத்தில், மெல்லிசாக இருந்திருக்கிறது. அது வெளியே தெரியாது, அவன் எடை அடியிலிருந்த பழைய பனிவரைக்கும் இறங்கிவிட்டது. கொஞ்சம் கீழே தள்ளிப் போயிருந்தால்... தினமும் நான் அந்தச் சரிவில் போகிறேன் தீதி. தினமும் அவனைக் கொஞ்சம் கீழே தள்ளிப் போகச் சொல்கிறேன்."

அந்தக் கடைசி வரியை என்னால் உடனே தமிழில் சொல்ல முடியவில்லை. அம்மா காத்திருந்தாள். சொன்னேன்.

"அவன் போவும்போது நீங்கள்லாம் இன்னா பண்ணினு இருந்தீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம் என்றான். அதுதான் முறை. இந்த மாதிரிச் சரிவை எல்லோரும் சேர்ந்து கடக்கக்கூடாது. ஒருவர் போய் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் அடுத்தவர்.

"ஒருத்தர் ஒருத்தரா போறது எதுக்கு?"

இதற்கு அவனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பி எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். "போனா ஒருத்தர்தான் போவணும்னு தாம்மா. மீதிப் பேரு இருந்து தேடணும்னு."

"சரியான மொறதான்" என்றாள் அம்மா. பிறகு, "அந்த ஒருத்தன் என் புள்ள" என்றாள்.

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான். அம்மா அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "கூட போன அந்த நாலு பேரும் நல்லா கீறாங்களான்னு கேளு" என்றாள். நல்லபடியாக அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றான்.

யாராவது தவறு செய்திருந்தால் அவரை நினைத்து நினைத்துப் பொங்கியாவது இருப்பேன். குடித்திருந்தார்கள், அவசரப்பட்டார்கள், கருவி போட மறந்தார்கள் என்று ஏதாவது ஒன்று கிடைக்குமா என்று அன்று அவன் பேச்சு முழுக்கத் தேடினேன். ஒன்றுமே இல்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுத்தான் என் தம்பி போனான்.

கிளம்பும்போது கூட்டாளி ஒரு வாக்குக் கொடுத்தான். ஆடி, ஆவணியில் அந்தப் பள்ளத்துப் பனி உருகும். அப்போது நானே போய் அவனைக் கொண்டுவருகிறேன் என்றான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். யாராவது துக்கம் விசாரிக்க வந்தால், "ஆடி போவட்டும், வந்துடுவான்" என்பாள். உயிரோடு வருவான் என்று அவள் சொல்லவில்லை. புதைக்க ஒரு உடம்பு வரும் என்றுதான் சொன்னாள். எங்களில் இறந்தவர்களை மண்ணில்தான் வைப்போம். அப்பாவுக்குப் பக்கத்தில் இடத்தைக் கூடச் சுத்தம் செய்து வைத்தாள்.

ஆவணியில் கூட்டாளி ஆட்களோடு போய்த் தேடினான். பனிக்கு அடியில் ஓடை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பனி உருக உருகத் தண்ணீர் பெருகி எல்லாவற்றையும் கீழே இழுத்துப் போயிருக்கிறது. ஒரு ஸ்கீ பலகை மட்டும் பாறையிடுக்கில் கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை. ஆற்றில் சேரும் இடம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள்.

"பனி பூரா போய்ட்ச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"போய்ட்ச்சாம்மா."

"அப்போ அவன் எங்க கீறான்?"

பனி இருந்தவரைக்கும் அவன் இன்ன இடத்தில் இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். கருவி நின்ற பிறகும் அந்தப் பள்ளம், அந்தப் பனி என்று கையைக் காட்டலாம். உருகட்டும், உருகட்டும் என்று அத்தனை மாதம் காத்திருந்தோம். உருகியபோது அந்த இடமும் போய்விட்டது.

ஐப்பசியில் மாமா வந்தார். நிறைய நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, பொண்ணு இன்னும் எத்தினி நாளுக்கு இப்டியே..." என்று இழுத்தார்.

"நான் புடிச்சு வெச்சுக்கினா கீறேன்? நல்ல எடமா பாரு" என்றாள் அம்மா. மாமா தலையைக் குனிந்துகொண்டார். மாமன் மகள் அன்று வரவில்லை.

அந்தக் கார்த்திகை மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூச்சு இழுத்தது. வேலூருக்குக் கொண்டுபோகலாம் என்று ஜீப்பில் ஏற்றினேன். பாதி வழியில் மலை இடிந்து பாதையில் விழுந்திருந்தது. சேறும் கல்லுமாகக் கிடந்தது. மேலே இருந்து சின்னச் சின்னக் கற்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் வேற வண்டி நிக்குது. எல்லாரும் எறங்கி நடந்து போய்டுங்க. கும்பலா போவாதீங்க, ஒருத்தர் ஒருத்தரா போங்க. நான் மேல பாத்துக்கினு சொல்றேன்" என்றார்.

ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்ததும் டிரைவர் அடுத்தவருக்குக் கை காட்டினார். எங்கள் முறை வந்தது. "நீ மொதல்ல போம்மா. நான் பின்னாடியே வர்றேன்" என்றேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். காய்ச்சலில் கை கொதித்தது. "நான் தனியா போமாட்டேன். உன்னயும் தனியா வுட மாட்டேன்."

"அம்மா, அது தப்பு. ஒருத்தராதான் போவணும்."

"தெரியும். எதுக்குன்னும் தெரியும். போனா ரெண்டு பேரும் போவலாம், வா."

டிரைவர் கத்தினார். பின்னால் நின்றவர்களும் ஏதோ சொன்னார்கள். தம்பி இருந்திருந்தால் அவனும் கத்தியிருப்பான். அம்மாவின் பிடியை என்னால் விடுவித்திருக்க முடியும், அவள் அவ்வளவு பலவீனமாக இருந்தாள். விடுவிக்கவில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு அந்தச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நடந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு கல் உருண்டுபோய்க் கீழே மரங்களுக்குள் விழுந்தது. அம்மா மேலே பார்க்கவே இல்லை. அந்தக் கல் எங்கள்மேல் விழுந்திருந்தால் பரவாயில்லை என்று அவள் நினைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் நினைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் போனதும் அவள் என் கையை விட்டாள். மருத்துவமனையில் பத்து நாட்களுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பினோம். நுரையீரல் தேறிவிட்டது என்றார்கள். அதன்பிறகு அவள் சாமைக் கொல்லைப் பக்கம் போகவில்லை. நிலத்தை வேறொருவருக்குப் பங்கு வாரத்துக்கு விட்டோம்.

ஊரில் சொல்லிச் சொல்லித் தை மாதம் காரியம் செய்தோம். வெறும் மண்ணில் பால் தெளித்தார்கள். அம்மா வரவில்லை, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த ஆவணியிலும் கூட்டாளி போய்த் தேடினான். நாங்கள் கேட்கவில்லை, அவனாகப் போனான். அதற்குப் பிறகு அவன் வழிகாட்டி வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. இப்போது அழைப்பதில்லை. நானும் அழைப்பதில்லை. இருவருக்கும் பேச வேறு விஷயம் கிடையாது.

எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறாள், சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். தம்பியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். காலம் ஆற்றும் என்று என் பள்ளியில் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். மூன்றாவது குளிர்காலம் வந்துவிட்டது, இந்த வீட்டில் ஒன்றும் ஆறவில்லை.

போன மாதம் அம்மாவுக்கு மாத்திரை வாங்க ஒடுகத்தூருக்குப் போயிருந்தேன். பேருந்து நிலையத்தில் யாரோ "அண்ணி" என்று கூப்பிட்டார்கள். மாமன் மகள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவனுக்கு அங்கே ஒரு உரக்கடையில் வேலை என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

"அத்த எப்டி கீறாங்க?"

"கீறாங்க."

குழந்தையை வாங்கிக்கொண்டேன். பெண் குழந்தை. என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச நேரம் இருவரும் குழந்தையைப் பற்றியே பேசினோம். பிறகு அவள் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணி, இதுல அவரு இருந்த ஊரு வெதர் வருது. அவரு அங்க போனப்போ அவரேதான் போட்டுக் குடுத்தாரு, அங்க எவ்ளோ குளிருன்னு நான் பாக்கணும்னு. தெனம் காலையில டிங்குன்னு வந்துடுது. வூட்டுக்காரரு எதிர்லயும் வருது. எனக்கு எடுக்கத் தெரியல. நீங்க எடுத்துக் குடுக்கறீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். அந்த ஊரின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. நாளைக்கும் நாளை மறுநாளும் பனி பெய்யும் என்று வெள்ளைப் புள்ளிகள் போட்டிருந்தது. எடுப்பது சுலபம், விரலை இரண்டு இடத்தில் வைத்தால் போதும். முதல் இடத்தில் வைத்தேன். நீக்கவா என்று கேட்டது.

அவள் கையை நீட்டிக் கைப்பேசியின் மேல் வைத்தாள். "இருக்கட்டும் அண்ணி" என்றாள். "சத்தம் மட்டும் வராம பண்ணிக் குடுங்க."

சத்தத்தை நிறுத்திக் கொடுத்தேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு கடைப் பக்கம் போனாள். ஜீப் நிரம்பிக்கொண்டிருந்தது. மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு நான் போய் ஏறினேன்.